பாதி ரொட்டி

அத்தியாயம் 14

சனிக்கிழமை விடியும்போதே மழை. பழம் பறிக்கிற காலத்தில் மழை பெய்தால் ஸ்ட்ராபெரி வயலில் யாரும் கால் வைக்க முடியாது. ஈரப் பழம் பெட்டிக்குள் போனால் அழுகிவிடும். மேஸ்திரி போனில் ஒரே வார்த்தை அனுப்பியிருந்தான்: 'இல்லை.'

ஆக்ஸ்நார்டில், பழம் பறிக்கிறவர்கள் குடியிருக்கும் அந்தத் தெரு முழுக்க அந்த வார்த்தையைப் படித்துவிட்டு முகம் சுளித்தது. செலெரினா மட்டும் சந்தோஷப்பட்டாள். அவளுக்கு வீட்டுப்பாடம் இருந்தது.

மொழியியல் வகுப்பில் ஓகாவா டீச்சர் கொடுத்த வேலை அது. வீட்டில் எல்லோரும் ஒன்றாக இருக்கும் நேரத்தில், சொல்லிவிட்டு, போனில் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அதைக் கேட்டுக் கேட்டு, யார் பேசினார்கள், யார் யாரைக் குறுக்கே வெட்டினார்கள், எங்கே மௌனம் விழுந்தது என்று ஒரு வரி விடாமல் எழுத வேண்டும். பறிப்புக் காலத்தில் அவள் வீட்டு மூன்று பேரும் விழித்த கண்ணோடு ஒரே மேஜையில் உட்கார வேண்டுமென்றால் மழைதான் மனசு வைக்க வேண்டும். இன்றைக்கு வைத்தது.

போன வாரம் வரை கூட வந்தவர்களுக்குத் தெரியும், செலெரினாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. நாற்பது தாண்டிய வயதில், பகலில் பழம் பறித்துக்கொண்டு, மாலையிலும் சனிக்கிழமையிலும் கம்யூனிட்டி காலேஜுக்கு அலைந்தவள். முதலில் ஆங்கிலம் கற்கப் போனாள். பிறகு ஆஸ்பத்திரியில் தன் ஊர்ப் பெண்களுக்கு மொழிபெயர்க்க ஒரு சான்றிதழ் வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அந்தச் சான்றிதழுக்கு மொழியியல் கட்டாயம் என்றார்கள். கட்டாயத்துக்குப் போய் உட்கார்ந்தவளை அந்தப் பாடம் பிடித்துக்கொண்டது. செப்டம்பரில் அதையே பெரிதாகப் படிக்கப் போகலாம். வரும் வாரத்துக்குள் 'வருகிறேன்' என்று பதில் போட வேண்டும்.

இந்தச் சேதி டீச்சருக்குத் தெரியும். மகள் யாரேலிக்குத் தெரியும். கணவன் ஒதிலோனுக்குத் தெரியாது. சொல்ல நேரம் வரவில்லை என்று செலெரினா தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள். வீட்டில் உப்பு தீர்ந்ததைச் சொல்ல நேரம் வருகிறது, இதற்கு மட்டும் வரவில்லையாம்.

போனை மேஜை நடுவில், பீன்ஸ் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன இது, போலீஸ் விசாரணையா?" என்றான் ஒதிலோன்.

"வீட்டுப்பாடம். அது இருக்குன்னே நெனைக்காம பேசு."

அவன் போன் பக்கம் குனிந்து தொண்டையைச் செருமினான். "டீச்சரம்மா, வணக்கம். என் பொண்டாட்டி இன்னைக்கு பீன்ஸ்ல உப்பு போட மறந்துட்டா. இதையும் எழுதிக்கோங்க."

யாரேலிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. செலெரினா மகளின் தலையில் தட்டிக்கொண்டே, "அப்பாவுக்கு வாயைத் திறக்க ஒரு மெஷினு தேவைப்படுது பாரு" என்றாள்.

ஒதிலோன் தோசைக்கல்லில் இருந்து எடுத்த சோள ரொட்டியைச் சுருட்டியபடி ஜன்னலைப் பார்த்தான். "ஊருல இந்நேரம் மழைக்கு..." என்று ஆரம்பித்தான்.

"தட்டை இந்தப் பக்கம் தள்ளு" என்றாள் செலெரினா.

அவன் தள்ளினான். சாப்பாடு முடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரனுடைய வண்டியைப் பழுது பார்க்கப் போய்விட்டான். காலேஜுக்குக் கொண்டுபோய் விடட்டுமா என்று வாசலில் நின்று கேட்டான். பஸ் இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள்.

*

காலேஜ் நூலகத்தில் சனிக்கிழமை கூட்டமே இருக்காது. ஓரமாக ஒரு மேஜையைப் பிடித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, செலெரினா தன் குடும்பத்தைக் கேட்க உட்கார்ந்தாள்.

தங்கள் பேச்சை அவர்கள் மழையின் மொழி என்றுதான் சொல்வார்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் அதை மொழி என்றே ஒப்புக்கொள்வதில்லை, கிளைப்பேச்சு என்பார்கள். செலெரினாவும் பாதி வயசு வரை அதை நம்பியிருந்தாள். ஓகாவா டீச்சர் முதல் வாரத்திலேயே அந்த நம்பிக்கையை உடைத்துப் போட்டது பழைய கதை, நாம் பார்த்ததுதான்.

ஒருவர் பேச்சை இன்னொருவர் வெட்டும் இடத்தில் ஒரு சாய்கோடு போட வேண்டும். வெட்டியவர் பெயருக்குப் பக்கத்தில் போட வேண்டும். முதல் பக்கம் முடிந்தபோது செலெரினா பென்சிலைக் கீழே வைத்தாள்.

எல்லாக் கோடும் அவள் பெயருக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

'ஊருல இந்நேரம் மழைக்கு' என்று அவன் ஆரம்பிக்கிறான். தட்டைத் தள்ளச் சொல்கிறாள்.

'அபுந்தியோ அன்னைக்கு சொன்னாரு, அடுத்த திருவிழாவுக்கு' என்று மறுபடி ஆரம்பிக்கிறான். யாரேலியிடம் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து என்ன ஆயிற்று என்று கேட்கிறாள்.

'எனக்கு என்ன தோணுதுன்னா' என்கிறான். காபி இன்னும் வேணுமா என்கிறாள்.

அதற்குப் பிறகு அவன் எதையும் ஆரம்பிக்கவில்லை. வேணாம் என்கிறான், போதும் என்கிறான், நாற்காலியைப் பின்னால் தள்ளுகிற சத்தம் கேட்கிறது.

என் புருஷன் பேசவே மாட்டான் என்று அவள் வயலில் எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்! அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். புத்தகம் அடுக்குகிற பெண்ணைத் தவிர யாரும் இல்லை.

*

வகுப்பு பின்கட்டில், தகரக் கொட்டகை மாதிரி ஓர் அறையில். மழை விழுந்தால் டீச்சர் கத்திப் பேச வேண்டும். ஓகாவா டீச்சருக்கு இந்தக் காலேஜில் தனி அறை கிடையாது. மூன்று ஊரில் மூன்று காலேஜில் பாடம் எடுக்கிறவர். காரின் பின்பெட்டிதான் அவருடைய அலுவலகம். விடைத்தாள், மாற்றுச் செருப்பு, சோற்று உருண்டை எல்லாம் அதில்தான்.

செலெரினா தன் முறை வந்ததும் எழுந்து நின்று, எழுதியதை ஆங்கிலத்தில் சொல்லிப் படித்தாள். சாய்கோடுகளையும் மறைக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர் ரொமி, அவளுக்குப் பக்கத்து இருக்கை. அவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "எங்க வீட்டுலயும் இதே கோடுதான் அக்கா. எல்லாம் எங்கம்மாவோடது. நானெல்லாம் இன்னும் ஒரு வாக்கியத்தையும் முடிக்கல."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரித்துவிட்டு, "கோட்டைப் பாத்து வருத்தப்படாதீங்க. குறுக்க பேசறது சில வீட்டுல பாசம், சில வீட்டுல அதிகாரம். உங்க வீட்டுல அது என்னன்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.

"பயம்" என்றாள் செலெரினா.

"என்ன பயம்?"

"அவரு முடிச்சா நான் பதில் சொல்லணுமே."

டீச்சர் அதற்குமேல் தோண்டவில்லை. நல்ல டீச்சர். அன்றைய பாடத்துக்குப் போய்விட்டார். சில வார்த்தைகள் சேதி சொல்வதில்லை, காரியம் செய்கின்றன என்பதுதான் பாடம். நீதிபதி 'விடுதலை' என்றால் கதவு திறக்கிறது. அதையே ரொமி சொன்னால் ஒரு பூட்டும் அசையாது. சொல்கிற ஆள் சரியாக இருக்க வேண்டும், கேட்கிற ஆள் சரியாக இருக்க வேண்டும், சொல்ல வேண்டிய விதத்தில் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்தச் சொல் பலிக்காது.

இடைவேளைக்கு மணி அடித்தபோது யாரேலியிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, ஞானப்பா வந்துட்டுப் போனாரு."

அபுந்தியோதான். யாரேலிக்கு ஞானஸ்நானத்தில் கைபிடித்தவர். இங்கே ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் நல்லது கெட்டதில் முன்னால் நிற்கிறவர்.

"மழையில நல்லா நனைஞ்சுட்டாரு பாவம். அவசரமா எங்கயோ போகணுமாம். கூடையைக் கையில குடுத்தாரு. 'அப்பா அம்மா வந்ததும் குடு, சாயங்காலம் வரேன்'னு சொல்லிட்டு ஓடிட்டாரு."

செலெரினா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "கூடையில என்ன இருக்கு?"

"சாக்லெட் கட்டி. ஒரு பாட்டில். பெரிய ரொட்டி ஒண்ணு, அழகா இருக்கும்மா."

"வட்டமா? நடுவுல கோடு கிழிச்சிருக்கா?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

"நீ அதை உள்ள கொண்டுபோயிட்டியா?"

"வெளியவா வெப்பேன், மழையில? ரொட்டிதானேம்மா! அவரு எப்பவும் ரொட்டி கொண்டுவர்றவர்தானே!"

செலெரினா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஈரமாக இருந்தது, அதுகூட உறைக்கவில்லை.

எல்லைக்குத் தெற்கே, மலைமேல் இருக்கும் அவர்கள் ஊரான யூக்குசாவில் பெரிய விஷயம் கேட்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. பெண் கேட்டாலும் கூடை, திருவிழாப் பொறுப்பு கொடுக்க வந்தாலும் கூடை. வாசலில் நின்று பேச வேண்டிய பேச்சைப் பேசி, பிறகு கூடையை நீட்டுவார்கள். வேண்டாம் என்றால் தொடாமலே நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிடலாம். கூடை நிலையைத் தாண்டி உள்ளே போய்விட்டால் பாதிச் சம்மதம். ரொட்டியைப் பிட்டுவிட்டால் பேச்சே இல்லை. நடுவில் கிழித்த கோடு புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும். சாமியின் திருவிழாவை ஒரு வருஷம் தாங்கிச் செய்யும் பொறுப்பு தம்பதிக்குத்தான் உண்டு. மனைவி சாம்பிராணிப் புகையோடு சாமிக்கு முன்னால் நடக்காவிட்டால் ஊர்வலமே கிளம்பாது. அந்த ஒரு வருஷம் ஊரில் இருந்தாக வேண்டும். வடக்கே எத்தனை மைல் தள்ளி வந்து பிழைத்தாலும் ரொட்டியைப் பிட்டவன் போக வேண்டும். போகாதவனுக்கு ஊரில் நிலமும் இல்லை, செத்தால் புதைக்க மண்ணும் இல்லை.

இரண்டு பேருக்கும் இங்கே சட்டப்படி குடியிருக்கக் காகிதம் வந்ததிலிருந்து, போய்த் திரும்ப முடியும் என்று ஊருக்கும் தெரியும். ஆனால் வரும் செப்டம்பரில் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவள், அதே செப்டம்பரில் யூக்குசாவில் சாம்பிராணி பிடிக்க முடியாது.

யாரேலிக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? இங்கேயே பிறந்தவள். அவளுக்கு ரொட்டி ரொட்டிதான்.

"யாரும் தொடலியே?"

"இல்ல. துணி போட்டு மூடியிருக்கு."

"அப்படியே இருக்கட்டும். அப்பா வந்தாலும் தொட வேணாம்னு சொல்லு. நான் வரேன்."

ஓகாவா டீச்சர் காரின் பின்பெட்டியைத் திறந்து, குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். செலெரினா மூச்சு வாங்க அங்கே போய் நின்றாள்.

"டீச்சர், ஒரு சந்தேகம். ஒரு கோரிக்கைய வீட்டுப் பெரியவங்ககிட்ட சொல்லாம சின்னப் பொண்ணுகிட்ட குடுத்துட்டுப் போனா, சொல்ல வேண்டிய பேச்சையும் சொல்லாமப் போனா, அது கோரிக்கையா?"

டீச்சர் அவள் முகத்தைப் பார்த்தார். "என் பாடத்துப்படி பலிக்காது. ஆனா என் பாடத்த உங்க ஊருல யாரும் படிக்கலியே, செலெரினா. அவங்க கணக்குல என்ன?"

"முழுசா திருப்பிக் குடுத்தா, அவங்க கணக்குலயும் பலிக்காது."

"அப்ப இங்க ஏன் நிக்கறீங்க? ஓடுங்க."

*

யாரேலி வாசலிலேயே நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது. "சொன்னேம்மா. தொடாதீங்கப்பான்னு சொன்னேன்" என்றாள்.

ஒதிலோன் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். தலையைப் படிய வாரி, ஞாயிற்றுக்கிழமைக் கோவிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். கூடைத் துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. ரொட்டியின் ஒரு பாதி கோட்டோடு ஒட்டிச் சுத்தமாகப் பிடப்பட்டிருந்தது. இன்னொரு பாதி தொடாமல் இருந்தது. அவன் முன்னால் இருந்த தட்டில் கொஞ்சம் பொடி.

"பசியா?" என்றாள் செலெரினா.

"இல்ல."

"இது என்னன்னு தெரியும்ல?"

"யூக்குசாவுல பொறந்தவன்கிட்ட கேக்கறே."

"முழுசா இருந்திருந்தா திருப்பியிருக்கலாம். வாசல்ல நின்னு பேசவும் இல்ல, நம்ம கையில குடுக்கவும் இல்ல. அது செல்லவே செல்லாது, தெரியுமா?"

"தெரியும். நீயும் கண்டுபிடிச்சிருவேன்னு தெரியும். காலேஜ்ல படிக்கிறவ, ஓட்டையப் பாக்காம விடுவியா? அதான் நீ வர்றதுக்குள்ள பிட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை..." என்று குரலை உயர்த்தியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அந்தச் சாய்கோடுகள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

அவள் பேசாமல் இருப்பது ஒதிலோனுக்குத்தான் பயமாக இருந்தது. "என்ன, சண்டை போடலியா?"

"நீ முடி."

"என்னத்த?"

"காலைல ஆரம்பிச்சே. 'எனக்கு என்ன தோணுதுன்னா'ன்னு. முடி. நான் குறுக்க பேசல."

அவன் நம்பவில்லை. யாரேலியைப் பார்த்தான், போன் எங்கேயாவது ஓடுகிறதா என்று மேஜையைப் பார்த்தான். செலெரினாவின் நாக்கு நுனியில் ஏழெட்டுக் கேள்விகள் துடித்தன. ஒன்றையும் விடவில்லை.

"இருபது வருஷமா குனிஞ்சே இருக்கேன்" என்றான் அவன். "நிமிந்தா இடுப்பு வலிக்குது, அதனால இல்ல. நிமிந்து பாக்க இங்க ஒண்ணும் இல்ல. மேஸ்திரிக்கு என் பேரு தெரியாது. டேய் குள்ளான்னு கூப்பிடறான், அதுக்கும் திரும்பறேன். ஊருல ஒரே ஒரு வருஷம், செலெரினா. நான் தெருவுல நடந்தா எதிர்ல வர்றவன் தொப்பியை எடுப்பான். சாமி என் தோள் மேல போகும். எங்கப்பன் சாகற வரைக்கும் வாசலைப் பாத்துட்டே இருந்தான். யாரும் கூடையோட வரல. அவனை யாரும் கேக்கல. என்னைக் கேட்டிருக்காங்க." அவன் குரல் உடைந்தது. "கேட்டிருக்காங்க. அதை எப்படித் திருப்பி அனுப்பறது?"

இத்தனை நீளமாக அவன் பேசி அவள் கேட்டதே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஆற்றங்கரையில் கேட்டிருக்கிறாள், அதற்கப்புறம் இல்லை. அவளுக்கு அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதே நேரம் அந்த வெள்ளைச் சட்டையைக் கிழித்துப் போட வேண்டும்போலவும் இருந்தது.

"எனக்குப் பல்கலைக்கழகத்துல இடம் கெடைச்சிருக்கு" என்றாள். "செப்டம்பர்ல."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "எப்பத் தெரியும்?"

"கொஞ்ச நாளாச்சு."

"இவளுக்குத் தெரியுமா?"

யாரேலி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் அவ்வளவு மோசமான ஆளா?"

"நல்ல ஆளு. அதான் பயம். கூடாதுன்னு சொல்ற ஆளா இருந்தா சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன். நீ 'உன் இஷ்டம்'னு சொல்லிட்டு வண்டிக்குள்ள போய் தனியா உக்காருவே. அதை என்னால பாக்க முடியாது, ஒதிலோன்."

அவன் தட்டிலிருந்த பொடியை விரலால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டே, "உன் பாதியைத் தொடல" என்றான். "அதை நான் தொடல."

வாசலில் செருப்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

*

அபுந்தியோ வாரநாளில் பழப்பெட்டி அடுக்கும் கிடங்கில் வேலை செய்கிறவர். அங்கே வாய் ஓயாமல் கேலி பேசுவார். ஊருக்காகப் பேச வந்தால் மட்டும் குரலே மாறிவிடும். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மேஜைமேல் பாதி ரொட்டியைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிம்மதி வந்தது.

"காலைல அவசரத்துல முறை தவறிட்டேன். மன்னிக்கணும். இப்ப முறையா பேசறேன்" என்று வாசல்படியிலேயே நின்று ஆரம்பித்தார். யாரேலி சுவரோடு ஒட்டி நின்றாள், தன்னால் வந்த வினை எங்கே போய் முடியுமோ என்று.

"மெலித்தோனின் பேரனே, செவெரியானோவின் மகனே, ஒதிலோனே! மலையிலிருந்து உன்னை அழைக்கிறோம். உன் பாட்டன் நட்ட மரத்தடியிலிருந்து அழைக்கிறோம். நம் சாமிக்கு இந்த வருஷம் தோள் வேண்டும். உன் தோளைக் கேட்கிறோம். உன் வீட்டைக் கேட்கிறோம். உன் அடுப்பைக் கேட்கிறோம்..."

நீளமான, அழகான பேச்சு. பாட்டன் பெயர் வந்தது, மலை வந்தது, ஊற்று வந்தது, வாசலில் குரைக்கிற நாய்க்குக்கூட ஒரு மரியாதை வந்தது. செலெரினா கேட்டுக்கொண்டே இருந்தாள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ வாசலில் கேட்ட பேச்சுதான். இன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டாள், காலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்ட அதே காதால்.

ஒதிலோன் எழுந்து நின்றான். "என் தோள் இருக்கு. நான் பிட்டுட்டேன்" என்றான். குரல் நடுங்கினாலும் நிமிர்ந்துதான் சொன்னான்.

எல்லோரும் செலெரினாவைப் பார்த்தார்கள். மனைவி செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மீதிப் பாதியை எடுத்து ஒரு வாய் தின்று, தலை குனிய வேண்டும். அந்தச் சடங்கில் அவளுக்கு வாக்கியமே கிடையாது. வாய் உண்டு, தின்பதற்கு.

அவள் பாதி ரொட்டியைக் கையில் எடுத்தாள். இன்னும் மெத்தென்று இருந்தது.

"தொன் அபுந்தியோ, ஒண்ணு கேக்கலாமா?" என்று மரியாதையாகவே கேட்டாள்.

"கேளு, கொமாத்ரே" என்றார். ஞானமகளின் தாயை அப்படித்தான் உறவு சொல்லிக் கூப்பிடுவார்கள்.

"இப்ப பேசினீங்களே, எவ்வளவு அழகா பேசினீங்க. அதுல என் பேரு எங்க வந்துச்சு?"

அபுந்தியோ விழித்தார். மனசுக்குள் முழுப் பேச்சையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தது முகத்திலேயே தெரிந்தது. "உன் வீட்டைக் கேக்கறோம்னு சொன்னேனே. அடுப்பையும் சொன்னேன். வீடுன்னா நீதானே, கொமாத்ரே?"

"வீட்டுக்கு வாய் கெடையாது. எனக்கு இருக்கு."

"அதில்ல... இது எங்க தாத்தன் காலத்துல இருந்து இப்படித்தானே..."

"அவரைக் கேட்டீங்க. அவரு சந்தோஷமா பதில் சொன்னாரு. கேட்டதுக்கே அவருக்கு எவ்வளவு சந்தோஷம்னு இப்பத்தான் தெரிஞ்சுது. என்னைக் கேக்கல." அவள் பாதி ரொட்டியைத் துணியில் சுற்றிக் கூடைக்குள் வைத்தாள். "இதை வேணாம்னு திருப்பல. வாங்கிக்கிட்டேன்னும் இல்ல. ஊர்ச்சபை என் பேரைச் சொல்லி என்னைக் கேக்கட்டும். அப்ப நான் பதில் சொல்றேன்."

கூடை அவர் கைக்கு வந்துவிட்டது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. முழு ரொட்டி திரும்பி வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெறும் கூடை வந்தாலும் தெரியும்.

"நாளைக்குச் சபை கூடுது. பாதி ரொட்டியை வெச்சுக்கிட்டு போன்ல நான் என்னன்னு சொல்றது?" என்று ஒதிலோனைப் பார்த்தார். ஆம்பளைக்கு ஆம்பளை ஒரு கண் ஜாடை காட்டினால் போதும், காப்பாற்றிவிடுவான் என்று நினைத்தார்போலும். "ஒதிலோன், நீ சொல்லேன்பா."

ஒதிலோன் கூடையைப் பார்த்தான். செலெரினா தன் கைகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இந்த ஒரு வாக்கியத்தில் அவளுடைய செப்டம்பர் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் இனிமேல் ஒரே மேஜையில் எப்படி உட்காரப் போகிறார்கள் என்பதும் இருந்தது. அவசரப்பட்டு அவனுக்காகச் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"அவ பேரு செலெரினா" என்றான் ஒதிலோன். "அவங்கப்பா பேரு காந்தெலாரியோ. அம்மா பேரு எமெத்தேரியா. ஆத்துக்கு அந்தப் பக்கம் வீடு. ஊருல எல்லாரும் என் பொண்டாட்டின்னுதான் சொல்லுவாங்க, பேரு மறந்திருக்கும். சொல்லிக் குடுங்க. பேரைச் சொல்லிக் கேக்கச் சொல்லுங்க."

அபுந்தியோ தொப்பியை மாட்டிக்கொண்டார். படி இறங்கும்போது "காந்தெலாரியோ மக செலெரினா, காந்தெலாரியோ மக செலெரினா" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். மழைக்குக் கூடையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

யாரேலி ஓடிவந்து அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். செலெரினா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நாளைக்கு யூக்குசாவில் கோவில் மணி அடித்து ஆண்கள் கூடுவார்கள். அந்தப் பெயரைக் கேட்டு யார் சிரிப்பார்கள், யார் எழுந்து போவார்கள் என்று அவளுக்கு இப்போதே தெரிந்தது.

ஒதிலோன் மறுபடி உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினான்.

"அவங்க கேட்டுட்டா, நீ என்ன சொல்லப் போறே?"

அவளுக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. அவனைக் கண்டு தொப்பி எடுக்கும் தெருவும் கண்ணில் வந்தது, தகரக் கொட்டகையின் மழைச் சத்தமும் காதில் வந்தது. இரண்டில் ஒன்றைத் தள்ளிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

"முதல்ல கேக்கட்டும்" என்றாள்.

ஒதிலோன் தலையை ஆட்டினான். அவள் இன்னும் ஏதோ சொல்லப் போகிறாள் என்று நினைத்து, குறுக்கே ஒன்றும் பேசாமல், அப்படியே அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.